சொல்லின் முன்பாதி

“சொல்லிட்டா உன் வாயிலேருந்து முத்து கொட்டிப்போயிடுமா? ஒரே ஒரு வார்த்தைம்மா. ‘லென், நீ சொன்னதுதான் சரி.’ அவ்வளவுதான். மாடிக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடு!”

“மாட்டேன்.”

“சாகப்போற மனுஷன்கிட்ட என்னம்மா உனக்கு…”

“கத்தாத. மாடிக்குக் கேக்கும்.”

மாடிக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஒருத்தர் தும்மினால் மூன்றாம் வீட்டில் கைக்குட்டை தேடுவார்கள். அதனால் டப்பன் வீட்டில் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த சண்டையை ஒட்டுக் கேட்டதாக யார்மீதும் பழி போட முடியாது. காதை மூடிக்கொள்ளவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டெனீஸ் சமையலறையின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டிவிட்ட, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட மகள். அம்மா ஜினெட் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பில் கொதிக்கும் பெரிய சட்டியிலிருந்து நுரையைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் ஆட்டுத் தொடையெலும்புகள். மேசைக்குப் பின்னால், மாடியில் படுத்திருக்கும் அப்பா லென்னின் அக்கா பெரில், டீயில் பிஸ்கெட்டை நனைத்தபடி, டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

“அவ சொல்ல மாட்டா, டெனீஸ்,” என்றாள் பெரில். “கப்பல் ஏறும்போதே துணிமணியோட பிடிவாதத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டு வந்தவ. நானும்தான் இத்தன வருஷமாப் பாக்கறேனே.”

“உன் பிஸ்கெட் டீயில விழுந்துடுச்சு, பெரில்,” என்றாள் ஜினெட், திரும்பிப் பார்க்காமலே.

விழுந்துதான் இருந்தது.

சண்டை ஒரு சொல்லைப் பற்றி. இங்கிலாந்தின் சசெக்ஸில், அதிலும் எங்கள் ஆல்டர்ஹர்ஸ்டில், நவம்பர் வந்தால் யாருக்கும் வேறு நினைப்பு கிடையாது. கோடு போட்ட ஸ்வெட்டர், முகத்தில் கரி, கையில் தீப்பந்தம், ஊர்வலம், கடைசியில் மைதானத்தில் வீட்டு உயரத்துக்குக் குவித்த விறகில் தீ. அதுதான் பான்ஃபயர். அந்தச் சொல்லின் பின்பாதியில் தகராறு இல்லை. ஃபயர் என்றால் நெருப்பு. தகராறெல்லாம் முன்பாதியில். அது ‘போன்’, அதாவது எலும்பு, என்பதன் பழைய உச்சரிப்பு, அந்தக் காலத்தில் எலும்பைப் போட்டு எரித்தார்கள் என்பது லென்னின் கட்சி. இல்லை, அது பிரெஞ்சு ‘பான்’, ‘நல்ல’ என்று அர்த்தம், நல்ல நெருப்பு என்பது ஜினெட்டின் கட்சி. லென் கசாப்புக் கடைக்காரன். ஜினெட் கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்ஸின் டியெப்பிலிருந்து வந்தவள். அவரவர் கட்சி அவரவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வழக்கு. சாப்பாட்டு மேசையில், கடை வாசலில், ஒருமுறை ஞானஸ்நானத்துக்குப் போன இடத்தில் பாதிரியாருக்கு முன்னாலும். ஞாயிற்றுக்கிழமை வறுத்த கறியின் எலும்பையெல்லாம் லென் வருஷம் முழுக்கச் சேர்த்து, நவம்பரில் தீயில் போடுவான். “எலும்பில்லாத பான்ஃபயர் வெறும் குப்பை எரிக்கறது,” என்பான். ஜினெட் அந்த எலும்பை நேராகக் கொடுத்துவிட மாட்டாள். முதலில் என் சட்டிக்கு, அப்புறம் உன் நெருப்புக்கு என்பாள். சாறெல்லாம் இறங்கும்வரை கொதிக்கவைத்து, வெளுத்துப்போன எலும்பைக் கழுவித் துடைத்து அவன் கையில் தருவாள். இரண்டு வருஷமாக, பான்ஃபயரை நடத்தும் சங்கத்தின் கமிட்டி, நாற்றம், நாய்த் தொல்லை என்று எலும்புக்குத் தடை போட்டிருக்கிறது. லென் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். எல்லாருக்கும் தெரியும்.

டெனீஸ் போன வாரம் நகரத்து நூலகத்துக்குப் போய், தூக்கமுடியாத கனத்தில் இருக்கும் அந்தப் பெரிய அகராதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அப்பா சொன்னதுதான் சரி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சொற்பட்டியலிலேயே அந்தச் சொல்லுக்கு நேராக ‘எலும்புகளின் நெருப்பு’ என்று லத்தீனில் பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதிலிருந்து டெனீஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்து எதுவும் இனி வேலை செய்யாது, இன்றோ நாளையோ என்று நர்ஸ் காலையில்தான் வாசலில் வைத்துத் தாயிடமும் மகளிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். லென்னுக்குச் சொல்லவில்லை. நாளை மாலை தீ மூட்டும்போது சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். சங்கச் செயலாளர் கீத் ஃபனல் நாற்காலியின் கைப்பிடியில் தீப்பந்தம் செருக ஒரு குழாய்கூடக் கட்டி வைத்திருந்தான்.

“அவருக்கு நாம குடுக்கறதுக்கு வேற என்னம்மா இருக்கு?” டெனீஸின் குரல் உடைந்தது. “வாழ்க்கை பூரா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.”

ஜினெட் அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். “அவன் அத என்கிட்ட கேக்கல.”

“கல்நெஞ்சு உனக்கு.”

“உப்புப் போடு சட்டியில. என் கை ஈரமா இருக்கு.”

டெனீஸ் உப்புப் போடவில்லை. மாடிப்படி ஏறிவிட்டாள்.

லென் ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தான். ஒரு காலத்தில் அரை மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த ஆள். இப்போது போர்வைக்கு அடியில் ஆள் இருக்கிறானா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, மைதானத்தில் விறகுக் குவியலின் உச்சி தெரிந்தது.

“குவியல் சாஞ்சு நிக்குது,” என்றான். “கீத்துக்குக் கண்ணு தெரியல. போய்ச் சொல்லு.”

“சொல்றேன்பா.” டெனீஸ் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, அம்மா ஒண்ணு சொன்னா.”

“என்னவாம்?”

“நீ சொன்னதுதான் சரியாம். எலும்புதானாம். ஒத்துக்கிட்டா.”

ஒரு சிரிப்பு வரும், கண்ணில் வெளிச்சம் வரும், ‘பாத்தியா’ என்பான் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

“ஜினெட்டா சொன்னா?”

“ஆமாப்பா.”

“அவ வாயாலயே?”

“இப்பத்தான். கீழ வெச்சு.”

லென் கொஞ்ச நேரம் விறகுக் குவியலையே பார்த்தான். பிறகு கையை மெதுவாக அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டான்.

“நர்ஸ் காலைல வாசல்ல ரொம்ப நேரம் நின்னாளே,” என்றான். “என்ன சொல்லிட்டுப் போனா?”

“அது… வழக்கமா சொல்றதுதான்பா. மாத்திரை…”

“சரி.” அவன் தலையை ஆட்டினான். கடையில் ஒரு வாடிக்கையாளர் கணக்கை முடித்துக்கொண்டு போகும்போது ஆட்டுவானே, அந்த மாதிரி. “கீத்துகிட்ட நாற்காலி வேண்டாம்னு சொல்லிடு. பந்தத்த வேற யாருக்காவது குடுக்கட்டும்.”

“அப்பா!”

“என் ஸ்வெட்டர எடுத்து வை. துவைச்சுத்தான் இருக்கு. அந்தக் கோடு போட்டது.” அவன் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்றான். ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னான்.

டெனீஸ் படி இறங்கி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமில்லை. சமையலறை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் தன் வாயிலிருந்து வெளியே வர வர, தான் செய்தது என்ன என்பது அவளுக்கே விளங்கிக்கொண்டு வந்தது. ஜினெட் டப்பன் தோற்றுப்போவாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அது அவள் புருஷனுக்குத் தெரியாதா?

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். “அடிப் பாவி.”

ஜினெட் திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கரண்டியை மட்டும் கீழே வைக்க மறந்து, அதை ஓங்கிப் பிடித்தபடியே மாடிப்படி ஏறினாள். அறுபத்தைந்து வயதுக்காரி அப்படி ஏறுவதை நாங்கள் பார்த்ததில்லை, கேட்டோம்.

டெனீஸ் பாதிப்படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பெரில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

“யார் சொன்னது, நான் ஒத்துக்கிட்டேன்னு?” மேலே ஜினெட்டின் குரல் கதவைத் தள்ளிக்கொண்டு போனது.

கட்டில் சட்டத்தில் கரண்டி தட்டும் சத்தம்.

“உன்னத்தான் கேக்கறேன், லென். கண்ணத் தொற. யார் சொன்னது?”

“உன் பொண்ணு.” சன்னமான குரல்.

“அவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. அது உங்க பக்கத்து ரத்தம். நான் செத்தாலும் ஒத்துக்க மாட்டேன், கேட்டுக்கோ. பான்! நல்ல நெருப்பு! என் பாஷை! இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி அகராதி எழுதின அவ்வளவு பெரிய மனுஷனே அப்படித்தான் எழுதி வெச்சிருக்கான்.”

கட்டில் கிறீச்சிட்டது.

“அந்தாளு தப்பா எழுதினான்,” என்றான் லென்.

டெனீஸ் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

“அவன் தப்பு, நீ சரியா? ஆட்டக் கூறு போடத் தெரியும். சொல்லக் கூறு போடத் தெரியுமா உனக்கு?”

“உங்க ஊர்ல இத என்னன்னு சொல்லுவீங்க? சொல்லு. சந்தோஷ நெருப்புன்னுதானே? உங்க ஆளுங்களே பான்னு சொல்லல. அப்புறம் எங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“எங்ககிட்ட நல்ல சொல்லு நிறைய இருக்கு. பாவம்னு ஒண்ண உங்களுக்குக் குடுத்தோம்.”

இருமல் வந்தது. இருமலுக்கு நடுவில் சிரிப்பும் இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். குடிக்கும் சத்தம்.

“எலும்புடி,” என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. “ஸ்காட்லாந்துல ஒரு ஊரே வருஷம் பூரா எலும்பச் சேத்து வெச்சு…”

“தெரியும். ஆயிரம் தடவ சொல்லியாச்சு.”

“அப்ப ஏன் ஒத்துக்க மாட்டேங்கற?”

இந்தத் தடவை ஜினெட்டின் குரல் இறங்கியிருந்தது. டெனீஸ் ஒரு படி மேலே ஏறித்தான் அதைக் கேட்க முடிந்தது.

“நீதான குடுத்த.”

“என்னத்த?”

“அந்த வார்த்தைய. முதல் வருஷம். டாக்டர் வீட்டுக் குழந்தைங்களப் பாத்துக்க வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. மைதானத்துக்கு வந்து நின்னேன். உன் அக்கா என்னப் பாத்து என்ன சொன்னா? ‘நீ கத்தோலிக்கக்காரிதானே? உன்ன மாதிரி ஆளுங்களக் கொளுத்தத்தான் இந்த நெருப்பே’ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வேலி ஓரமாப் போய் நின்னேன்.”

பெரிலின் கை கைப்பிடியில் அப்படியே நின்றுவிட்டது. நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ சில கத்தோலிக்கர்கள் ராஜாவை வெடிவைத்துத் தூக்கப் பார்த்தார்கள் என்ற கோபத்தை வருஷத்துக்கு ஒரு நாள் எரித்துக் கொண்டாடுகிற ஊர் இது. அந்த வேடிக்கைப் பேச்சு எங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை பேசியதுதான். பெரிலுக்கு அது நினைவுகூட இருந்திருக்காது.

“நீ மூஞ்சி பூரா கரியோட வந்த,” என்றாள் ஜினெட் மேலே. “யாருன்னே தெரியல. ‘அழாத, இந்தச் சொல்லுல பாதி உங்க ஊரு. அப்ப இந்த நெருப்புல பாதி உன்னோடது. முன்னாடி வந்து நில்லு’ன்ன. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முன் வரிசையில நிறுத்தின. அப்புறம் கட்டிக்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டு, எலும்பு எலும்புங்கற. குடுத்தத திருப்பிக் கேக்கற பழக்கம் எங்க ஊர்ல இல்ல. நான் தர மாட்டேன்.”

மேலே ஒரு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“அது உன்ன மடக்கறதுக்குச் சொன்னது,” என்றான் லென்.

“மடங்கிட்டேன் இல்ல? அப்ப என்னோடது.”

“எலும்புதான்.”

“பான்.”

“எலும்பு.” அவன் குரலில் பழைய கசாப்புக் கடை திரும்பியிருந்தது. “நாளைக்கு எலும்பு தயாரா?”

“சட்டியில இருக்கு. நல்லா வெந்தாத்தான் தருவேன்.”

“டெனீஸ்!” என்று லென் கூப்பிட்டான். கூப்பிட முயன்றான் என்று சொல்ல வேண்டும். “கீத்துகிட்டச் சொல்லு. நாற்காலி வரட்டும். அந்தக் குவியலயும் நிமிர்த்தி வைக்கச் சொல்லு.”

“சரிப்பா!” என்றாள் டெனீஸ் படியிலிருந்தே.

அவள் திரும்பிப் பார்த்தபோது பெரில் அங்கே இல்லை. சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, ஜினெட் கீழே இறங்கி வந்தாள். டெனீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“தூங்கிட்டான்னு நினைச்சேன்,” என்றாள் ஜினெட். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “நான் பேசி முடிச்சேன். பதில் சொல்ற முறை அவனோடது. சொல்லல.”

டெனீஸ் கத்தியை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். ஜினெட் மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதீர்கள். கீத் ஃபனல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். இன்றைக்கு ஊர்வலத்தை நிறுத்திவிடவா என்று கேட்டான்.

“நிறுத்தினா அவன் எழுந்து வந்து உன்ன உதைப்பான்,” என்றாள் ஜினெட். “குவியல நிமிர்த்தினியா?”

“நிமிர்த்திட்டேன்.” கீத் தொப்பியைத் திருகினான். “அப்புறம்… தப்பா எடுத்துக்காத. சங்கத்துல கேக்கச் சொன்னாங்க. எரிக்கறீங்களா, புதைக்கறீங்களா? லென்னுக்கு நெருப்புன்னா அவ்வளவு…”

“புதைக்கறோம்.” ஜினெட்டின் குரல் அப்போதுதான் முதல் தடவையாகத் தடுக்கியது. “அவன் எலும்ப நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல.”

மாலையில் பந்தங்கள் தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய்ப் புகை எல்லா ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்தது. டப்பன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மேளக்காரர்கள் அடியை நிறுத்திக்கொண்டார்கள். பூட்ஸ் சத்தம் மட்டும் கடந்து போயிற்று. காலியான சக்கர நாற்காலியைக் கீத் தள்ளிக்கொண்டு போனான். அதன் குழாயில் பந்தம் எரிந்தது.

ஜினெட் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அடுக்களைக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தாள். ஒரு வருஷத்து எலும்பு. முந்தின நாள் வேகவைத்தது மேலே, இன்னும் ஈரமாக. டெனீஸ் ஒரு கைப்பிடியைத் தூக்கினாள். அடுத்த கைப்பிடியைப் பிடிக்க அம்மா குனிவதற்குள் வேறு ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது.

“நகரு,” என்றாள் பெரில். “உன் இடுப்பு போயிடும்.”

ஜினெட் நாத்தனாரைப் பார்த்தாள். பெரில் பெட்டியைப் பார்த்தாள்.

“நீ முன்னாடி நட, ஜினெட்,” என்றாள் பெரில். “நாங்க பின்னாடி வர்றோம்.”

மைதானத்தில் கூட்டம் வழி விட்டது. வேலி ஓரத்திலிருந்து முன் வரிசை வரைக்கும் ஜினெட் நடந்துபோனாள். எலும்பு போடக்கூடாது என்று தீர்மானம் போட்ட கமிட்டி முழுசும் அங்கேதான் நின்றிருந்தது. கீத் அண்ணாந்து, நட்சத்திரங்களைப் புதிதாகக் கண்டுபிடித்தவன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்களும் அங்கே என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள்.

ஜினெட் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வீசவில்லை, சட்டியில் போடுவதைப்போல, தெறிக்காமல் போட்டாள். லண்டனிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து, இது என்ன வழக்கம் என்று மரியாதையாகக் கேட்டாள்.

“பிரெஞ்சு வழக்கம்,” என்றாள் ஜினெட்.

வீடு திரும்பும் வழியில், பெரில் அவள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, டெனீஸ் கேட்டாள். “உனக்குத் தெரியும்தானேம்மா? எலும்புதான்னு?”

“நீ வயித்துல இருக்கும்போதே தெரியும்.” காலிப் பெட்டி அவர்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டு வந்தது. “வயித்தத் தள்ளிக்கிட்டு நூலகத்துக்குப் போய்ப் பாத்தேன். மேல் தட்டுல இருந்தது. எட்டி எடுத்துக் குடுக்க ஆள் கூப்பிட வேண்டியதாப் போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வீட்டுக்கு வந்தேன். இன்னைக்கு எங்க போயிருந்தேன்னு கேட்டான். மீன் வாங்கன்னேன்.”

புதன்கிழமை லென்னைப் புதைத்தோம். பெட்டியின்மேல் கோடு போட்ட ஸ்வெட்டர் இருந்தது. பெரில் தேவாலயத்தில் ஜினெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குமுன் அவர்கள் நடுவில் எப்போதும் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்வார்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் தெருவுக்குத் தூக்கம் வராது. பெரில் அடுத்த வசந்தத்தில் கீத் ஃபனலைக் கட்டிக்கொண்டாள். எழுபதை நெருங்கும் வயதில் அவள் தொப்பியில் வைத்த பூவைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். பிறகு கமிட்டியின் தடை எப்படியோ நீங்கிப்போனது. அதையும் பேசினோம். வீட்டை ஜினெட் மகள் பேரில் எழுதிவைத்துவிட்டு, டியெப்பில் தங்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்றைக்குப் பெரில் துறைமுகம் வரை போய், கப்பல் புள்ளியாகும் வரை கைக்குட்டையை ஆட்டிவிட்டு, கண்ணில் உப்புக்காற்று பட்டுவிட்டதாக எங்களிடம் சொன்னாள்.

டெனீஸ் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை படகேறிப் போய்வருவாள். அம்மாவின் வீடு மேட்டில் இருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் படகு வருவதும் போவதும் தெரியும். போன கோடையில் ஒரு சாயங்காலம், பால்கனியில் இரண்டு தம்ளரோடு உட்கார்ந்திருந்த ஜினெட், ஐஸ் கொண்டுவா என்றாள். டெனீஸ் உள்ளே போய் ஃப்ரீஸரைத் திறந்தாள்.

ஒரு மூலையில் ஒடுங்கியிருந்த ஐஸ் தட்டைத் தவிர, மேலிருந்து கீழ்வரை, பிரெஞ்சு செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். ஒவ்வொன்றும் கசாப்புக் கடைக்காரர்கள் போடும் முடிச்சில் கட்டியது. ஒன்றின் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே, நன்றாக வேகவைத்து, கழுவித் துடைத்த ஒரு தொடையெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டியெப்பில் அந்தத் தெருவில் நவம்பரில் யாரும் எதையும் எரிப்பதில்லை.

“ஐஸ் இருக்கா?” என்று ஜினெட் வெளியிலிருந்து கேட்டாள்.

“இருக்கும்மா,” என்றாள் டெனீஸ். கிழிந்த காகிதத்தை மடித்து உள்ளே செருகி, பொட்டலத்தை முன்பு இருந்தபடியே வைத்து, ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.